கோட்டையை வலம் வந்தது

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தது. கூடவே மாற்றலும் வந்தது. திருவண்ணாமலையை விட்டுத் தரங்கம்பாடியில் இருந்த கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். சம்மதமா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக என் கணவர் பல வருடங்கள் காத்திருந்தவர். ஆனால் அவர் ஒரே பிள்ளை. மாமனார் காலமான பிறகு அத்தை எங்களோடுதான் இருந்தார். அம்மா வராவிட்டால் தானும் போவதில்லை என்று என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தையோ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"அங்க மலை இருக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"கடல் இருக்குதும்மா."

"நான் மலையக் கேட்டேன்."

எங்கள் ஊரில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. கதவைத் திறந்தால் மலை. கடைக்கு வழி கேட்டால் 'மலைப் பக்கம் திரும்பி நாலு கடை தள்ளி' என்பார்கள். மேகம் மலை மேல் இறங்கினால் துணியை எடுத்து உள்ளே போடுவோம். அத்தைக்கு இதற்கும் மேலே ஒன்று இருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றி வருவார். இப்போது வருகிற கூட்டம் அப்போது இல்லை. ஊர்க்காரர்களும் பக்கத்துக் கிராமத்துக்காரர்களும்தான் நடப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் பேசிக்கொண்டே கிளம்புவார்கள். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். தொடங்கினால் பாதியில் திரும்பக் கூடாது. மழை வந்தாலும் காலில் முள் ஏறினாலும் சுற்றி முடித்துத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டால் அம்மா மனசு மாறிவிடும் என்பது என் கணவரின் கணக்கு. அந்த ஊரில் பார்க்க என்னென்ன இருக்கின்றன என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டை, அதற்குள் ஓர் அருங்காட்சியகம், பழைய மாதா கோயில்கள், ஊர் நுழைவாசல், கடல் பாதியைத் தின்றுவிட்ட சிவன் கோயில். சொல்லும்போது அவருக்கே உற்சாகமாகிவிட்டது. எனக்கும்தான். எங்கள் ஊரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நாங்கள் வேறோர் ஊரைப் பார்ப்பதற்கென்றே கிளம்பியது அதுதான் முதல் தடவை.

பெண் குழந்தையைக் கீழ்பென்னாத்தூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, பௌர்ணமி கழிந்த மறுநாள் கிளம்பினோம். அத்தை சுற்றி முடிக்கட்டும் என்று அப்படி நாள் பார்த்தோம். விழுப்புரத்தில் வண்டி மாறி மாயவரம் போய், அங்கே ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் தரங்கம்பாடிக்குப் போகிற சின்ன ரயிலைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் வயல். வண்டி எல்லா ஊரிலும் நின்று, ஆள் ஏறும் வரை காத்திருந்து, பிறகு கிளம்பியது.

"இதைவிட நான் வேகமா நடப்பேன்" என்றார் அத்தை. ஆனால் ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

ஊருக்குள் போக வெள்ளை அடித்த பெரிய நுழைவாசல் ஒன்று இருந்தது. மேலே ஏதோ முத்திரை. அத்தை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கவாட்டில் போய் அந்தச் சுவர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

"வாசல் இருக்குது. மதிலக் காணோமே."

"மதில்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. அந்தக் காலத்துல ஊரச் சுத்தி இருந்துச்சாம்."

"அப்போ இப்ப எதுக்கு எல்லாரும் இதுக்குள்ளயே பூந்து போறாங்க?"

  நாங்களும் அதற்குள்ளேயே நுழைந்து போனோம்.

உள்ளே நேராக ஒரு தெரு. அதன் முடிவில் தெருவின் அகலத்துக்கு நீலமாக ஏதோ நின்றது. அது கடல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் ஊரில் தெருக்கோடியில் பார்த்தால் மலையின் ஏதாவது ஒரு பகுதி தெரியும்; கண் அங்கே போய் முட்டி நிற்கும். இங்கே முட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தெருவில் பழைய பெரிய வீடுகள், தூண் வைத்தவை. சில பூட்டிக் கிடந்தன. மாதா கோயிலுக்குள் எட்டிப் பார்த்தோம். சுவரில் பதித்த கல்லில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அத்தை அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கினார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கூஜாவில் தண்ணீர் நிறைய இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடமும் நீட்டினார்.

"குடிச்சுப் பாரு. உப்பே இல்ல."

என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். காரியம் பாதி முடிந்துவிட்டது என்று அவருக்கு எண்ணம்.

கோட்டை நான் நினைத்ததைவிடச் சின்னது. கடலோரத்தில் மணல் திடலுக்கு அப்பால் மஞ்சளும் வெள்ளையுமாக நின்றது. வாசலில் அத்தை செருப்பைக் கழற்றிச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார். அதைப் பார்த்து நானும் கழற்றினேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார்.

"கழட்ட வேணாங்கம்மா. இது கோயில் இல்லீங்க."

"ராசா இருந்த எடம்தானே?"

"ராசா வரவே இல்லீங்க. அவரோட ஆளுங்கதான் இருந்தாங்க. வியாபாரம் பண்ண வந்தவங்க."

"இருக்கட்டும். நடந்து பழக்கம்" என்று சொல்லிவிட்டு அத்தை வெறுங்காலோடு உள்ளே போனார். நான் செருப்பை மறுபடி போட்டுக்கொண்டேன்.

உள்ளே போகும் முன் அத்தை எங்கள் இருவரையும் நிறுத்தி ஒன்று சொன்னார். எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. தீபத்தன்று கூட்டத்தில் இறங்கும்போது வருடா வருடம் சொல்வதுதான். "யாராவது தப்பிப் போனா தேடிக்கிட்டு அலையாதீங்க. சுத்திக்கிட்டே வந்து கெளம்புன எடத்துல நிக்கணும். இந்த வாசல்தான்." ஊரில் இது பொய்த்ததே இல்லை. கிளம்பிய இடம் தேரடி என்றால், தொலைந்த ஆள் மலையைச் சுற்றி எப்படியும் தேரடிக்கு வந்து சேர்ந்துவிடுவார். தேடப் போகிறவர்தான் உண்மையில் தொலைந்து போவார்.

அருங்காட்சியகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. உடைந்த பீங்கான் தட்டுகள், கப்பல் பொம்மை, துருப்பிடித்த வாள், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய காகிதங்கள். ஒரு மூலையில் திமிங்கிலத்தின் எலும்பு கிடந்தது. திண்டு போல இருந்தது. கூடவே வந்த காவலாளியை அத்தை விடவில்லை.

"எதுக்கு அவ்ளோ தூரத்துல இருந்து வந்தாங்க?"

"மொளகு வாங்கங்க. துணியும்."

"மொளகுக்கா?"

"அவுங்க ஊர்ல வெளையாதுங்களே."

"நம்ம ஊர்லயும்தான் வெளையல. நாம கோட்டையா கட்டுனோம்? கடையில வாங்குறோம்."

காவலாளி சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்களா, அவர்கள் வீட்டுப் பெரியவர்களை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டார். 

மேல் தளத்துக்கு ஏறினோம். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. கீழே மூன்று பக்கம் மணல், ஒரு பக்கம் நேரே கடல். அலை கோட்டைச் சுவரின் அடிக்கல்லில் வந்து அடித்தது. நல்ல நேரம் என்று என் கணவர் பேச்சை எடுத்தார்.

"எப்படிம்மா இருக்குது ஊரு?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்ப வந்துடலாமா?"

அத்தை நாலு பக்கமும் ஒருமுறை பார்த்தார். "காலையில எழுந்து எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுவேன், சொல்லு" என்றார்.

"எல்லாப் பக்கமும் சாமிதாம்மா."

"அது உனக்கு."

என் கணவர் அதிகம் பேசாதவர். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது அந்தக் காற்றில் வெளியே வந்துவிட்டது. "அந்த மலை நூறு தலைமுறையா அங்கயேதான் இருக்குது, நாளைக்கும் இருக்கும். என் வேலை திங்கட்கிழமையோட போயிடும். உனக்கு அது பெருசா, நான் பெருசா?"

அத்தை படி இறங்கிப் போனார். பின்னால் போகக் கிளம்பிய என்னை என் கணவர், "விடு, கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்" என்று நிறுத்தினார். கோபம் ஆறும் வரை இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கீழே வந்தால் அத்தை இல்லை. கூடங்களில் இல்லை, கீழ்த்தள அறைகளில் இல்லை, வாசலிலும் இல்லை. காவலாளி சாப்பிடப் போயிருந்தார்.

"ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பாங்க. கோவம் வந்தா ஊருக்குக் கெளம்பிடுவாங்க" என்றார் என் கணவர். முகம் வெளுத்துவிட்டது.

"செருப்பு இங்கதான் இருக்குது, பாருங்க."

"கோவத்துல விட்டுட்டுப் போயிருப்பாங்க. நீ இங்கயே நில்லு."

அவர் தெரு வழியே ஓடினார். அம்மாவின் விதியை மீறித் தேடப் போனவர் அவர். விதிப்படி வாசலில் நின்றவள் நான். நின்றேன், கோட்டைக்கு முகம் வைத்து, வலது பக்கம் பார்த்துக்கொண்டு. கோட்டையை வலம் வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். வெயில் ஏறி, சுவரின் நிழல் காலடிக்குச் சுருங்கியது. யாரும் வரவில்லை.

சாப்பிட்டு வந்த காவலாளி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"சுத்தி வருவாங்களா? எப்படிங்க வருவாங்க? அந்தாண்ட கடலு. சுவரோரமா வழியே இல்லீங்களே."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மேலே நின்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன், மூன்று பக்கம்தான் தரை என்று. ஆனாலும் சுற்றினால் வந்து சேரும் என்றே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் வாழ்ந்த யாரும் அப்படித்தான் நின்றிருப்பார்கள். சுற்று என்றால் அது முடியும். நடுவில் அறுந்து போகிற சுற்றை நாங்கள் கண்டதில்லை.

இடது பக்கமாக ஓடினேன். மணல் சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. கோட்டை முனையில், கடல் தின்றது போக மிஞ்சிய அந்தச் சிவன் கோயிலுக்கு இந்தப் பக்கம், சரிந்து கிடந்த கருங்கல் ஒன்றின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு மீனவப் பெண். இருவரும் பேச்சு மும்முரத்தில் இருந்தார்கள்.

"அத்த, எவ்ளோ நேரமா இங்க இருக்கீங்க? அவரு உங்களத் தேடி ஸ்டேஷனுக்கு ஓடியிருக்காரு."

"ஸ்டேஷனுக்கு எதுக்கு? தப்பிப் போனா வாசல்ல நிக்கணும்னு சொன்னனா இல்லியா?"

"நீங்கதான் தப்பிப் போனீங்க."

"நான் எங்க தப்பிப் போனேன்? சுத்திக்கிட்டு இருக்கேன். வழியில தண்ணி வந்துடுச்சு."

மீனவப் பெண் சிரித்தார். "நானும் சொல்லிட்டேன் தங்கச்சி, வந்த வழியே திரும்பிப் போங்கன்னு. பாதியில திரும்பக் கூடாதாம். அப்புடி ஒரு பிடிவாதம்."

"தண்ணி வத்தும்னு நீதானேம்மா சொன்ன?"

"வத்தும் வத்தும். பருவம் முடிஞ்சு மறுநாளைக்கு மறுநாள் நல்லாவே வத்தும். கொஞ்சம் பொழுது சாயட்டும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பருவம்னா பௌர்ணமி, அமாவாசை. அன்னிக்கு இங்க தண்ணி ஜாஸ்தி ஏறுமாம், ஜாஸ்தி எறங்குமாம். மத்த நாள்ல கம்மி. இவங்களும் நெலாவத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

நானும் கல்லில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு பாசி படிந்த ஒரு கல் வெளியே வந்தது. அடுத்த அலை அதை மூடியது, அதற்கடுத்தது மூடவில்லை.

"உனக்கு இங்க வர இஷ்டமா?" என்று அத்தை கேட்டார்.

அந்தப் பதவி உயர்வு வந்த நாளிலிருந்து இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அவருக்கு இது..."

"அவனக் கேக்கல."

"மழக்காலத்துல இந்தக் கடல் எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருக்குது, அத்த."

அபத்தமான பதில் என்று சொன்னவுடனேயே தோன்றியது. அத்தை என்னைச் சற்று நேரம் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார்.

பொழுது சாய்ந்தபோது கோட்டைச் சுவரின் அடியில் ஈர மணல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அத்தை எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். நான் வலது கையைச் சுவரில் ஊன்றியபடி அவருக்குப் பின்னால் நடந்தேன். முழுதாக வற்றவில்லை, அலை முழங்கால் வரை வந்து இழுத்தது. ஒரு தடவை அத்தை தடுமாறியபோது தோளைப் பிடித்தேன். என் கையை அவர் விலக்கவில்லை. அவர் உதட்டில் வழக்கமான நாமம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முனையைத் திரும்பியதும் காய்ந்த மணல். அங்கே நின்று இருவரும் மூச்சு வாங்கினோம்.

வாசலில் என் கணவர் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. நாங்கள் கோட்டையின் வலது பக்கமிருந்து நனைந்து வருவதைப் பார்த்து எழுந்தார்.

"எங்கம்மா போன?"

"சுத்தி வந்தேன்."

"நான் மேல சொன்னது..."

"விடுறா." அத்தை படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. பாப்பாவக் கூட்டிக்கிட்டு. நான் வரல."

"நீ வரலன்னா நானும் வரல. அதத்தான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன்."

"சொல்லிக்கிட்டே இரு. நான் இந்த ஊரப் பாக்க வருவேன். குடி வரமாட்டேன். மலைய எப்ப வேணாச் சுத்தலாம். இது தண்ணி வுட்டாத்தான் சுத்த முடியும். எனக்கு ஒத்து வராது."

"தனியா எப்படிம்மா இருப்ப?"

"பௌர்ணமிக்குத் தெருவே என்கூட நடக்குது. தனியாவாம்."

"ஒடம்புக்கு முடியலன்னா?"

"சொல்லி அனுப்புறேன், வந்து பாரு. ரயிலு ரெண்டு பக்கமும்தானே ஓடுது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அத்தைக்கு ஆதரவாகப் பேசுவதா, அவருக்கு ஆதரவாகப் பேசுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது.  திரும்பி வருகிற ரயிலில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிதம்பரம் தாண்டியதும் அத்தை என் கணவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விழுப்புரம் வரை அவர் தோளை அசைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குளித்துக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அத்தை சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் கொடுத்து, "நேரமாகுது, போ" என்றார். அவர் போய்ச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே நான் அடுப்படிப் பாத்திரங்களை இறக்கித் தரையில் பரப்பினேன். எடுத்துப் போவது ஒரு பக்கம், அத்தைக்கு விட்டுப் போவது ஒரு பக்கம். பெரிய சோற்றுக் குண்டானை அத்தை பக்கம் வைத்திருந்தேன். அது அவருடைய கல்யாணத்துக்கு வந்தது. அவர் வந்து எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். குண்டானை என் பக்கம் தள்ளிவிட்டு, எங்கள் மகளுக்குக் கஞ்சி வைக்கிற சின்னப் பாத்திரத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இதுவே ஜாஸ்தி" என்றார்.